பட்டாசுக் கம்பெனியில் ஒரு கெமிஸ்ட்

பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்ட் வேலை என்றால் பாதி நாள் 'வேண்டாம்' என்று சொல்வது, மீதி நாள் அதற்காகத் திட்டு வாங்குவது. லேபில் வேலை பார்க்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது புதுக்கதை இல்லை. எங்கள் பக்கம் செல்போன் பரவ ஆரம்பித்திருந்த சமயம், எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போய்வந்தேன்.

சாருக்காகக் காத்திருந்தவர்

சேர்ந்த வாரம் ரசாயன ஏஜென்ட் ஒருவர் சாம்பிள் பொட்டலத்தோடு வந்தார். பியூரெட்டும் கையுமாக நின்ற என்னிடம், கெமிஸ்ட் சார் எப்போது வருவார் என்று விசாரித்தார். நான்தான் என்றேன். சிரித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"சார் வந்தா குடுத்துரும்மா. இங்கன டீ கிடைக்குமா?"

பெண் பார்க்க வந்தவர்கள்

மாப்பிள்ளைக்கு விருதுநகரில் ஜவுளிக்கடை. அவருடைய அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர்; எவ்வளவு தேய்த்தாலும் போகாது. "சயின்ஸ் படிச்ச புள்ள" என்றார் என்னைப் பெற்ற அத்தா, பெருமையாக. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றேன் நான். அந்த அம்மா கோபப்படவில்லை. அத்தாவைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"காலைல பட்டாசு ஆபீஸுக்குப் போறவ சாயந்தரம் முழுசா வருவான்னு எழுதித் தருவீகளா?"

சிவந்த தாள்

தீபாவளி சீசனில் கந்தகம் ஒரு லோடு வந்தது. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது. கந்தகத்தில் அமிலம் இருந்தால், மற்ற வெடிமருந்தோடு சேரும்போது தானாகவே தீப்பிடிக்கலாம். இன்னும் மூன்று மூட்டை பிரித்துப் பார்த்தேன், அதே சிவப்பு. கையெழுத்துப் போட மறுத்தேன்.

"நான் விரல்ல தேய்ச்சுப் பாத்துட்டேன், நல்ல சரக்கு. ஆர்டர் நிக்குது" என்றார் போர்மேன் அண்ணாச்சி. முதலாளி வந்தார். "இதைக் கலந்தா நாளையிலிருந்து நான் வரலை சார்" என்றேன். அவர் தாளையே வெகுநேரம் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பி அனுப்பினார்.

வேறு சரக்கு வர இரண்டு நாள் ஆனது. அதுவரை யாருக்கும் வேலை இல்லை, கூலியும் இல்லை. மூன்றாம் நாள் வேனில், படித்தவள் என்று என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறவர்களில் யாரும் எனக்கு இடம் விடவில்லை, நின்றுகொண்டே போனேன். திரி செருகும் மாரியம்மாள் மட்டும், "கலந்திருந்தா நெசமாவே வெடிச்சிருக்குமா?" என்று கேட்டாள். வெடித்திருக்கலாம், உறுதியாகத் தெரியாது என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்து நகர்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மருந்து கலக்குற ரூம்லதான் நிக்காரு. உக்காருங்க டீச்சர்."

ஒன்றும் நடக்காமல் போனதுதான் எங்கள் வேலையின் நல்ல ரிசல்ட், அதைப் பயோடேட்டாவில் எந்த வரியில் எழுதுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.