பேஸ்பால் கேமும் என் உப்பு விரலும்

இன்று மழை. உப்பளத்தில் வேலை இல்லை. நானும் மனைவியும் ஒரே போனில் மாறி மாறி பேஸ்பால் கேம் ஆடினோம்.

பந்து எறிய எந்தக் கன்ட்ரோல் வேண்டும் என்று கேம் கேட்டது. பட்டனைத் தட்டினாலும் போதும். இல்லையென்றால் திரையில் விரலால் வளைவாகக் கோடு இழுக்க வேண்டும், பந்தும் அப்படியே வளைந்து போகும்.

"பட்டன்லாம் சின்னப் பசங்களுக்கு" என்று சொல்லிக் கோடு இழுப்பதைத் தேர்ந்தெடுத்தேன். மரக்காணம் டென்னிஸ் பால் கிரிக்கெட் டீமில் நான் ஸ்விங் பவுலர் அல்லவா.

கோடு இழுத்தேன். பந்து கையை விட்டே போகவில்லை. அழுத்தி இழுத்தேன். கோடு பாதியில் நின்றது.

"போன்லதான் ஏதோ கோளாறு" என்றேன்.

மனைவி என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "உப்பு வாரி வாரி காப்பு காச்சிப் போயிருக்குது. ரேஷன் கடை மெஷின்லயே உங்க விரல் பதிய மாட்டேங்குது. இதுல கோடு போடப் போறீங்களா?"

அவளுக்கும் அதே உப்பளம், அதே விரல்தான். ஆனால் பந்து எறியும் முறை தனக்கு வந்ததும் பட்டனைத் தேர்ந்தெடுத்து, விரலை மடக்கி முட்டியால் தட்டினாள். மட்டை பிடித்த என் ஆட்கள் மூன்று பேர் வரிசையாக அவுட்.

உப்பளத்து நண்பர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ரேஷன் கடையில் ஒரே தடவையில் விரல் பதிந்தவர்கள் மட்டும்.