பின்வரிசை முகம்

வேலை வாங்கித் தருவதாகப் பெண்களை அழைத்துப்போய் விற்றுவிடும் கூட்டத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அது. பூட்டிய அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பெண்களில் ஒருத்தியாக நடித்தேன். வசனம் கிடையாது. கதாநாயகிக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டாரே திரையில் என்னைத் தேடித்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஒருநாள் படப்பிடிப்பு முடிந்து பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை உற்றுப் பார்த்தவர், சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“டிவில அந்த ரூம்ல குந்திகினு கீறியே, அந்தப் பொண்ணுதானே நீ?”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம் என்றேன். அவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

“என் பொண்ணும்மா. துணிக்கடை வேலைன்னு இட்டுகினு போனாங்க. அங்க இவள பாத்தியா?”

“அம்மா, அது நடிப்பு. செட்டு போட்டு எடுக்கறாங்க.”

“நடிப்பாவே இருக்கட்டும். கூட குந்திகினு கீறதுங்கள்ல யாராச்சும் பாத்திருப்பாங்கல்ல? நான் கதைய எங்க பாக்குறேன்? ஒங்க மூஞ்சிங்களதான் பாத்துகினு கீறேன்.”

“போலீஸ்ல சொன்னீங்களா?” என்று கேட்டேன். அவர் போனை முந்தானையால் துடைத்தார்.

குத்தம்பாக்கத்தில் இறங்க எழுந்தவர், என் தலையைத் தடவினார்.

“நீயாவது வந்துட்டியே, கண்ணு.”



மறுநாள் செட்டில் எங்களைத் தலைகுனிந்து உட்காரச் சொன்னார்கள். முகம் தெரியாவிட்டால் தன் மகளோ என்று அந்த அம்மா நினைத்துவிடுவார். திட்டு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தே இருந்தேன். அவருக்காக என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.