ஆலிமா வீட்டு மிக்ஸியும் காணாமல் போன குன்னாவும்

மிக்ஸி ரிப்பேர்க்காரரைக் கட்டிக்கொண்ட பெண் ஆன்லைனில் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? ஆலிமாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். மார்க்கப் படிப்பு முடித்தவர் என்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பிள்ளைகள் மதரஸாவை விட்டுவிட்டு டியூஷன், டியூஷன் என்று ஓடுவதைப் பார்த்தார். "அதுங்க வராட்டி என்ன, நான் அதுங்க செல்போனுக்குள்ள போறேன்" என்று கிளம்பிவிட்டார்.

பள்ளிவாசல் தலைவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "செல்போன்ல ஓதி உருப்பட்ட மாதிரிதான்! மாசக் கடைசியில என் முன்னாடி ஓதட்டும். சரியில்லேன்னா கடையைக் கட்டிருங்க" என்றார்.

முதல் வாரமே புகார். மாலையில்தான் வீட்டுக்காரருக்கு வேலை குவியும். முன்னறையில் அவர் மிக்ஸியை ஓட்டிப் பார்க்க, உள்ளறையில் ஆலிமா ஓத, பிள்ளைகளுக்குக் கேட்டதென்னவோ மிக்ஸிதான். ஆலிமாவின் தம்பி வந்து செல்போனில் எதையோ தட்டினான். "அக்கா, இனிமே இரைச்சலையெல்லாம் இதுவே வடிகட்டிரும்."

வடிகட்டியது! ஆலிமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு குறை. நூன், மீம் என்ற அரபி எழுத்துகள் வரும் சில இடங்களில் மூக்கால் ரீங்காரமிட்டு இழுத்து ஓத வேண்டும். அதற்குக் குன்னா என்று பெயர். அந்த இடம் வந்தால் பிள்ளைகள் கப்சிப். நெட்டு சிக்குகிறது போல என்று ஆலிமா விட்டுவிட்டார்.

மாசக் கடைசியும் வந்தது. பள்ளிவாசல் கூடத்தில் தலைவர் முன்னால் ஒரு சிறுமி ஓதினாள். உச்சரிப்பு அருமை. குன்னா வந்ததும் உதட்டை மூடினாள், கண்ணை விரித்தாள், சத்தமே இல்லை. பிறகு எதுவும் நடக்காதது போலத் தொடர்ந்தாள். இங்கே ஏது நெட்டு? ஆலிமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து ஓதிய பிள்ளைகளும் அச்சு அசலாக அப்படியே.

தலைவர் காதுமெஷினைக் கழற்றித் தட்டினார், ஊதினார், மறுபடி மாட்டினார். "பிள்ளைங்க பிரமாதமா ஓதுதுங்க. என் மெஷின்தான் விட்டு விட்டுக் கேக்குது. வகுப்பு நடக்கட்டும்மா."

தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியிருக்கலாம். ஓதலில் குறையை வைத்துக்கொண்டு ஆலிமாவால் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? சிறுமியைக் கூப்பிட்டார். "அங்க ஏம்மா சத்தமில்லாம நின்ன?"

"நீங்க அப்படித்தானே ஓதுவீங்க, ஆலிமா?"

யா அல்லாஹ்! மிக்ஸியோடு சேர்த்துக் குன்னாவையும் இரைச்சல் என்றல்லவா விழுங்கியிருக்கிறது அந்தப் பாழாய்ப்போன வடிகட்டி! ஆலிமா தலைவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வகுப்பு போனது போனதுதான் என்று கண் கலங்கியது.

"அப்ப என் மெஷின் நல்லாத்தான் இருக்கா? அல்ஹம்துலில்லாஹ்!" தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒளிக்காம சொன்னீங்களே, அது போதும். வடிகட்டிய நிறுத்திட்டு நடத்துங்க. என் பேத்தியையும் சேர்த்துக்குங்க."

மறுநாள் வீட்டுக்காரருக்குக் கண்டிப்பான உத்தரவு: வகுப்பு முடியும்வரை எந்த மிக்ஸியையும் தொடக்கூடாது. அவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி வடிகட்டியை அணைத்தான். ஆலிமா ஆசை தீர, நெஞ்சு நிறைய, குன்னாவை இழுத்தார்.

செல்போனில் அந்தச் சிறுமி கையைத் தூக்கினாள். "ஆலிமா, மறுபடியும் மிக்ஸி சத்தம் வருது!"

முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் அலறினார். "அல்லா மேல ஆணையா நான் தொடவே இல்லம்மா!"