பதில் டாக்டர் வராத மாதம்

இலங்கையில் நிவித்திகலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அப்போது நான் ஒருத்திதான் டாக்டர். எனக்கு ஆறாம் மாதம். காலையிலிருந்தே அடிவயிறு இழுத்துப் பிடித்தது. எனக்குப் பதில் டாக்டர் ஒருவரை அனுப்பச் சொல்லிச் சுகாதார அலுவலகத்துக்கு மறுபடியும் போன் செய்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். வெளியே காய்ச்சல்காரப் பிள்ளைகளோடு தாய்மார் மழையில் நின்றார்கள். எழுந்து போக மனம் வரவில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொடை வழியே சூடாக இரத்தம் இறங்கியது. அவள் பிள்ளையைப் பின்னால் நின்றவளிடம் கொடுத்துவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தாள்.

“டாக்டரம்மா, கண்ண மூடிறாதீங்க. நாங்க இருக்கோம்.”

“வயித்துல புள்ள அசையலையே!” என்று கதறினேன். படித்த மருத்துவம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வரிசையில் நின்ற பெண்களே என்னைத் தூக்கித் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸும் கூடவே வந்தாள். இரத்தினபுரிப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் காப்பாற்ற முடிந்தது. பெண் குழந்தை. அது அழவேயில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பதில் டாக்டர் வரவேயில்லையாம். என் அறை பூட்டியே கிடந்திருக்கிறது. அத்தனை நாளும் அந்தத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார்கள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.