பின் சீட்டுப் பக்கத்து ஓட்டை

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குத் திகைப்புதான். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு இந்தக் கை பேனாவைவிட ஸ்டியரிங்கைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் கார் ஒன்றை மதுரையில் பழையதாக வாங்கினேன். என் மனைவிக்காக. பட்டாசு கம்பெனியில் தரையில் குனிந்து உட்கார்ந்தே வருசக்கணக்கில் திரி வைத்தவள், முதுகு போய்விட்டது. வாராவாரம் மதுரைக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போனால் திரும்பி வந்து இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். காரில் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்து வரலாம்.

லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவர் சொன்னார். பதினாலுதான் ஓடியது. என் சம்பளத்துக்குத் தாங்காது.

மச்சினன் கேலி பேசினான். "மாமா, இது கார் இல்ல, எருமை. என் டிராக்டரே இதவிடக் கம்மியாத்தான் குடிக்கும். ஞாயித்துக்கிழமை புரோக்கர கூட்டியாரேன், தள்ளி விட்ருங்க."

"பஸ்லயே போய்க்கிடலாம், விடுங்க" என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் கை இடுப்பைப் பிடித்திருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது. ஏர் பில்டரை மாற்றினேன். ஜாக்கி போட்டு, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தேன். ஏசி போடாமல் மதுரை வரை ஓட்டினேன். அவளுக்கு வியர்த்ததுதான் மிச்சம். ஒன்று மட்டும் உறுத்தியது. வாங்கும்போது ஓட்டிப் பார்த்தபோது, மெதுவாகப் போனால் எஞ்சின் தானே அணைந்து வண்டி சத்தமில்லாமல் ஊர்ந்தது. இப்போது எஞ்சின் அணையவே இல்லை.

அந்தச் சத்தமில்லாமைக்காகத்தான் இந்தக் காரை வாங்கினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இளவயதில் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டினேன். கேட்டுக்கு முன்னால் ஒரு இறக்கம். பொறி பறந்துவிடக் கூடாது என்று வேப்பமரத்தடியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும். செம்மண்ணில் டயர் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்கும். திரி வைக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதில் ஒருத்தி, "ஏக்கா, பூனை வந்திருச்சு!" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலை நிமிர மாட்டேன். ஒரு சீசன் முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் என் அம்மாதான் போய்ப் பெண் கேட்டாள். இப்போது அந்தக் கம்பெனியில் வண்டியை உள்ளேயே விடுவதில்லை.

புரோக்கர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் படுத்திருந்தவள் கேட்டாள்: "இங்கன சீட்டுப் பக்கத்துல துணிய வச்சு அடைச்சிருக்கீகளே, எதுக்கு? உள்ள என்னமோ காத்தாடி மாதிரி கத்துது."

"ஓட்டை இருந்துச்சு. அடைச்சேன்."

பட்டாசு லோடு ஏற்றுமுன் வண்டித் தளத்தில் விரல் நுழையும் ஓட்டையைக்கூட ஈரத்துணியால் அடைப்பது எங்கள் வழக்கம். பொறி போகிற வழி அது. போர்மேன் கையால் தடவிப் பார்த்துத்தான் லோடு ஏற்ற விடுவார். காரை வாங்கிய அன்றே அந்தக் கம்பி வலை போட்ட ஓட்டையைப் பார்த்தேன். என் கை தானாக அடைத்துவிட்டது.

"நான் என்ன சரவெடியா, பொறி பட்டா வெடிக்கிறதுக்கு?" என்றாள்.

சில நாள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விருதுநகரில் தெரிந்த மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். அவர் துணியை உருவி எடுத்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, பேட்டரி மூச்சு விடுற இடம் இது! மூக்கப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்பிடி ஓடும்? சூடு ஏறி பேட்டரி வேலைய நிறுத்திரும். அம்புட்டுப் பாரமும் எஞ்சின் தலையில." வலைக்குப் பின்னால் இருந்த தூசியையும் ஊதித் துடைத்து, சூடு ஆறட்டும் என்று ஒரு டீ குடிக்க வைத்து அனுப்பினார்.

ஆனைக்குட்டம் விலக்கில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்தது. மந்தை கடந்ததும் பிரேக்கை விட்டேன், வண்டி தானாக நகர்ந்தது. தார் ரோட்டில் டயர் சத்தம் மட்டும்.

பின்னாலிருந்து மெல்ல, "ஏக்கா, பூனை வந்திருச்சு" என்றாள்.

நான் அன்றைக்கும் தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்தேன். அவள் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏலே, புரோக்கர வர வேண்டாம்னு சொல்லிரு."

அடுத்த தடவை டேங்க் நிரப்பியபோது கணக்குப் பார்த்தேன். இருபது ஓடியிருந்தது. எனக்குப் போதும்.

இதை எழுதி முடித்தது ஆவணி பதினாலு, சனிக்கிழமை.