டோல்கேட்ஸ் குழுவின் கடைசி அசல் ஆள்

டெரிக் மாமா வேனில் ஏறியதும் செய்கிற முதல் வேலை, உறைந்த பட்டாணிப் பொட்டலங்கள் இரண்டை எடுத்து மணிக்கட்டுகளின் மேல் வைத்துக்கொள்வது. எங்கள் ஊர் ஸ்டாக்போர்ட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்டாணி உருகிவிடும். வாசிக்கப் போகிற விடுமுறை முகாமில் கொடுக்கிற அறையில் அதையே வேகவைத்து, உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிடுவார். மருந்தும் அதுதான், ராத்திரிச் சாப்பாடும் அதுதான்.

சொந்த மாமா இல்லை. என் அப்பா கேவின் அவரோடு டோல்கேட்ஸ் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிறார், பாடுகிறார், வேன் ஓட்டுகிறார், வேன் நின்றுபோனால் தள்ளுகிறார். டெரிக் மாமா டிரம்ஸ். பேஸ் கிட்டாருக்கு வருகிறவர் வருஷத்துக்கு ஒருவராக மாறுவார், அவர் பெயரெல்லாம் உங்களுக்கு வேண்டாம். கல்லூரி என்னை வெளியே அனுப்பியதிலிருந்து நானும் வேனில் போகிறேன். வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆபத்து என்று அம்மா சொல்கிறாள்.

டோல்கேட்ஸ் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அறுபதுகளில் மூன்று வருஷம் இருந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு பாட்டுகள் இசைத்தட்டில் வந்தன. இருபதை இன்று யாரும் கேட்பதில்லை. ஒன்றை எப்போதாவது ரேடியோவில் போடுவார்கள். மிச்சம் இருக்கிற ஒன்றுதான் 'ஈரக் கோட்டுக்காரி'. மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணைப் பார்த்து ஒருவன் உருகுகிறான், பஸ் வருகிறது, அவள் ஏறிப் போய்விடுகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். டிரம்ஸ் மட்டும் ஒரு உருட்டல் உருட்டும், நிலக்கரி மூட்டை மாடிப்படியில் சரிகிற மாதிரி. இந்த நாட்டில் ஒரு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்த உருட்டல் விரல்நுனியில் இருக்கிறது. மதுக்கடை மேசையில் தட்டுவார்கள், கார் ஸ்டியரிங்கில் தட்டுவார்கள். என் பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே தன் முழங்காலில் தட்டினார்.

அந்த உருட்டலுக்குச் சொந்தக்காரர் டெரிக் பிம்லாட். தொப்பித் தொழிற்சாலையில் கம்பளி ரோமத்தை ஆவியில் அமுக்கிக்கொண்டிருந்த பையன். பத்தொன்பது வயதில் வேலையை விட்டு டிரம்ஸ் தட்டப் போனார். இருபத்திரண்டு வயதில் குழு உடைந்தது. பாட்டுக்காரர் ராய் ஆஸ்திரேலியா போய் நீச்சல்குளம் கட்டி விற்றார், அங்கேயே இறந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அதனால் அது மாமாவிடம் தங்கிவிட்டது. வாரநாளில் பால் வண்டி ஓட்டினார். சனி ஞாயிறுகளில் தொழிலாளர் கிளப்புகளில் புதிய ஆட்களை வைத்துக்கொண்டு டோல்கேட்ஸாக இருந்தார். பெரில் அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டார். அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் சனி ஞாயிறுகள் வந்துகொண்டே இருந்தன.

இப்போது எங்களுக்கு வேலை கொடுப்பது லொரேன் டேட்டர்சால் என்கிற அம்மாள். குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் விடுமுறை முகாம்களில் 'அறுபதுகளின் வார இறுதி' நடத்துகிறார். அவர் அடிக்கிற போஸ்டரின் அடியில் ஒரு வரி இருக்கும்: அசல் உறுப்பினர் ஒருவராவது மேடையில் இருப்பார். அந்த வரி இருந்தால் ராத்திரி ஆட்டம். இல்லாவிட்டால் நகல் குழு என்று பெயர். பிற்பகலில், பிங்கோ என்கிற எண் விளையாட்டுக்கு முன்னால், பாதிச் சம்பளத்தில் வாசிக்கலாம். ஆக, எங்கள் குடும்பம் அடுப்பு மூட்டுவது ஒரு கிழவரின் இரண்டு மணிக்கட்டுகளை நம்பி.

போன நவம்பரில் அந்த மணிக்கட்டுகள் கைவிட்டன. மத்தியானம் ஒலி சரிபார்க்கும்போது உருட்டலின் பாதியில் குச்சி கையிலிருந்து நழுவி மேடைக்குக் கீழே போனது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் போனது. மூன்றாம் தடவை நான் எடுக்கப் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், குறும்பு. ஃபோனில் பழைய இசைத்தட்டிலிருந்து அந்த உருட்டலை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தேன். அதை மண்டபத்து ஸ்பீக்கர்களில் இணைத்து முழுச் சத்தத்தில் போட்டேன். துப்புரவுக்காரம்மா துடைப்பத்தை விட்டுவிட்டாள்.

"கேட்டீங்களா மாமா, அந்தக் காலத்துல என்னமா அடிச்சிருக்கீங்க. இன்னிக்கு ராத்திரி நீங்க சும்மா கைய ஆட்டுங்க, நான் பட்டன அமுக்கிடறேன்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாத்தான் அடிச்சிருக்கான்."

"யாரு?"

"அவன்தான். பேரு கேட்டுக்கல. டை கட்டிட்டு வந்தான்."

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான்காம் வரிசையில் போய் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"லண்டன்ல ஸ்டுடியோவுக்கு மூணு மணி நேரத்துக்குத்தாண்டா வாடகை. எங்கள வச்சு வாசிக்கவிட்டா முப்பது தடவ தப்புப் பண்ணுவோம்னு, கூலிக்கு வாசிக்கிறவங்கள கூட்டிட்டு வந்துட்டாங்க. இசை எழுதின தாள வச்சுப் பாப்பாங்க, ரெண்டு தடவ வாசிப்பாங்க, முடிஞ்சுது. ராய் மட்டும் உள்ள போய்ப் பாடினான். நாங்க வராந்தாவுல உக்காந்து முட்டை சாண்ட்விச் தின்னோம்."

"ஒரு பாட்டா, எல்லாப் பாட்டுமா?"

"எல்லாந்தான். அவன் இடதுகைக்காரன் வேற. அதனாலதான் அந்த உருட்டல் என்னிக்குமே எனக்குக் கையில ஒக்காரல. அறுவது வருஷமா அடுத்தவன் சட்டையப் போட்டுட்டு நிக்கிற மாதிரி."

"ஒண்ணுல கூட நீங்க இல்லையா?"

"ஒண்ணுல இருக்கேன். ஈரக் கோட்டுக்காரி பிளேட்டுக்குப் பின்பக்கம். மூணு மணி நேரம் ஆனதும் வாத்தியக்காரங்க சங்கத்து விதிப்படி அவங்க பெட்டிய மூடிட்டு எந்திரிச்சுட்டாங்க. பின்பக்கத்துக்கு ஒரு பாட்டு பாக்கி. 'நீங்களே வாங்கடா, அத யாரு கேக்கப் போறா'ன்னாங்க ஸ்டுடியோக்காரங்க. போய் வாசிச்சோம்."

"எப்பிடி இருக்கும்?"

"கேவலமா இருக்கும்."

அப்பா மேடைப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கையில் ஒயர்ச் சுருள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"பெரில் அண்ணிக்குத் தெரியுமாண்ணே?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அப்பவும் கட்டிக்கிட்டா."

"எங்கிட்ட பத்தொம்பது வருஷமா சொல்லலயே."

"நீ கேக்கலயே." மாமா இரண்டு கைகளையும் தொடையில் கவிழ்த்து வைத்தார். "கேவின், நான் நிறுத்திக்கிறேன்பா. முடியல. சட்டை பட்டன் போடவே காலையில அரை மணி நேரம் ஆவுது."

அப்பாவுக்குக் கம்பளக் கிடங்கில் வேலை போனதிலிருந்து இந்த வார இறுதிகள்தான் எங்கள் வாடகை. அது மாமாவுக்கும் தெரியும். இவர் நிறுத்தினால் போஸ்டரின் அடிவரி போய்விடும். நிறுத்தாதீர்கள் என்று சொன்னால் நாங்கள் ஒரு கிழவரை ஏரில் பூட்டியவர்கள் ஆவோம். அப்பா ஒயரை அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"டீ குடிக்கிறீங்களாண்ணே," என்றார். எங்கள் ஊரில் அதற்கு இப்போது பேச வேண்டாம் என்று அர்த்தம்.

டீ வருவதற்கு முன்னால் லொரேன் வந்தார். கையிடுக்கில் அடுத்த வருஷத்து ஒப்பந்தம்.

"ஆட்டம் முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டாப் போதும் கண்ணுங்களா. டெரிக், என்னய்யா, மூஞ்சி தொங்குது?"

"எழுவத்தொம்போது வயசுல வேற எப்பிடி இருக்கும்?"

"நீ மேடையில இருந்தாப் போதும். உயிரோட இருந்தியானா இன்னும் விசேஷம்." மாமாவின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி மண்டபம் நிறைந்திருந்தது. ஊன்றுகோல்கள், சக்கர நாற்காலிகள், மினுமினுக்கிற ரவிக்கைகள். முதல் ஏழெட்டுப் பாட்டுகளை மாமா ஓட்டிவிட்டார். தாளம் மட்டும் பிடிப்பதற்கு மணிக்கட்டு வேண்டாம், பழக்கம் போதும். கடைசியாக ஈரக் கோட்டுக்காரி வந்தாள். அப்பா பாடும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் மேடை ஓரத்தில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பட்டனின் மேல் விரல் தயாராக இருந்தது.

எல்லாம் நின்றது. மாமா குச்சிகளைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, குச்சிகளை மெதுவாக மடியில் இறக்கி வைத்தார்.

மண்டபம் முழுக்க உருட்டியது. மேசைகளில், தட்டுகளில், பக்கத்திலிருந்தவரின் முதுகில், சக்கர நாற்காலிக் கைப்பிடிகளில். வழக்கமாக அவர்கள் தட்டுவதுதான். மாமா வாசிக்கிற சத்தத்தில் அது இத்தனை நாள் எங்கள் காதில் விழுந்ததில்லை, அவ்வளவே. ஒரு தாளமும் பிசகவில்லை. அப்பா அடுத்த வரியை எடுத்துவிட்டார், பாட்டு முடிந்தது, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். யாரும் அவருக்காக அதைச் செய்யவில்லை. அவர் வாசிக்கவில்லை என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

ஆட்டம் முடிந்து கையெழுத்து மேசையில் உட்கார்ந்தபோது அது தெளிவாகிவிட்டது. பழைய இசைத்தட்டை நீட்டிய ஒரு அம்மாள் சொன்னார்: "வருஷா வருஷம் வரேங்க. இன்னிக்குத்தான் அந்த உருட்டல் அப்பிடியே பிளேட்டுல கேட்ட மாதிரி இருந்துச்சு."

"சந்தோஷம்மா," என்றார் டெரிக் மாமா. தட்டைப் புரட்டி, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மாள் குழம்பினார், ஆனாலும் நன்றி சொன்னார்.

வரிசை தீர்ந்ததும் லொரேன் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். மாமா பேனாவை வாங்கவில்லை.

"லொரேன், அந்தப் பிளேட்டுல வாசிச்சது நான் இல்ல."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"எங்கிட்ட இருக்கிற குழுவுல பாதி அப்பிடித்தான்யா. ஒருத்தன் கூலிக்காரன் வாசிச்சதத் தன்னுதுன்னு சொல்லி நாப்பது வருஷமா பாடம் எடுத்துட்டிருக்கான். இதெல்லாம் ஒரு சேதியா? போடு கையெழுத்த."

"இரு. பிளேட்டுல நான் இல்ல. இன்னிக்கு மேடையிலயும் நான் வாசிக்கல."

லொரேன் நிமிர்ந்தார். "வாசிச்சியே."

"உருட்டல் நான் இல்ல. உனக்கே தெரியலல்ல?"

லொரேன் என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

"அப்போ அசல்னு எதுக்கு என்னை இழுத்துட்டு அலையறே?" மாமா குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தும் தெம்பு இருந்திருக்காது. "நான் மூணு வருஷம் அந்தக் குழுவுல வராந்தாவுல உக்காந்திருந்தேன். இவன் பத்தொம்போது வருஷமா வேன் ஓட்டி, பாடி, பெட்டி தூக்கி, என்னையும் தூக்கிட்டு வரான். யாரு அசல், நீயே சொல்லு. ராத்திரி ஆட்டத்த இவனுக்கே குடு."

"ஜனங்க போஸ்டரப் பாத்துத்தான்யா டிக்கெட் வாங்குறாங்க. உன் பேரில்லாம ராத்திரி ஆட்டம் தர முடியாது. உண்மையச் சொன்னா என் வியாபாரம் படுத்துரும்."

"அப்ப பிற்பகல் குடு."

"பிற்பகலுக்குப் பாதிதான்."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "பாதிக்கு ரெண்டு மடங்கு நாள் குடுங்க. வாரத்துக்கு நடுவுலகூட வரேன். வயசானவங்க பஸ் புடிச்சு வர எல்லா இடத்துக்கும் வரேன்."

"கேவின், நான் உன்ன—" என்று மாமா தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. பட்டன் போட்டுக்கிட்டு வீட்டுல இருங்க."

லொரேன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத்தில் எதையோ அடித்தார், எதையோ எழுதினார். "என் நல்ல மனசு என்னைத் தெருவுல நிறுத்தப் போவுது," என்று முணுமுணுத்தார். அவர் கார் அந்த முகாமிலேயே பெரியது.

டிரம்ஸுக்கு ஓல்டமிலிருந்து ஒரு பெண் வந்தாள். உருட்டலை முதல் தடவையிலேயே அடித்தாள். அதை மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா எங்களிடம் சொன்னார். வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறோம். அப்பாவின் குரல் இப்போது சரளைக்கல் மாதிரி ஆகிவிட்டது. வேனில் ஏறியதும் அவரும் எதையாவது எங்காவது வைத்துக் கட்டிக்கொள்கிறார். வாடகை போகிறது.

மார்ச்சில் ஒரு நாள், பிங்கோ தொடங்கியிருந்த நேரம், முகாமின் பின்பக்கம் நின்று டெரிக் மாமா வீட்டுக்கு ஃபோன் போட்டேன். குரலை மாற்றிக்கொண்டேன். சிட்னியிலிருந்து பேசுகிறேன், டோல்கேட்ஸின் அசல் டிரம்ஸ்காரருக்குப் பெரிய சுற்றுப்பயணம் ஏற்பாடு செய்திருக்கிறோம், விமானத்தில் முதல் வகுப்பு, போகிற இடமெல்லாம் தனி நர்ஸ் என்றேன்.

"வேண்டாங்க," என்றார். "நான் நிறுத்திட்டேன்."

"உங்கள மாதிரி அசல் ஆள் எங்களுக்கு வேற எங்க கெடைப்பாங்க?"

"கேவின்னு ஒருத்தன் இருக்கான். அவனத்தான் கேக்கணும். நம்பர் சொல்றேன், குறிச்சுக்கிறீங்களா?"

எங்கள் வீட்டு நம்பரை ஒவ்வொரு எண்ணாக, பொறுமையாகச் சொன்னார். நான் எதையும் குறிக்காமல், குறிக்கிறவன் மாதிரி ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"குறிச்சாச்சா?"

"ஆச்சுங்க."

"அப்புறம் ஒரு விஷயம். சிட்னியில இப்ப விடியக்காலை மூணு மணிடா, குரங்கே. வை ஃபோன. எனக்குத் தூக்கம் வருது."