இடப்பக்கக் கண்ணாடியும் என் மனைவியின் கையும்

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. உள்ளே கட்டிலும் சின்ன அடுப்பும் பூட்டிய பழைய வான் வண்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். அதன் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் ஆடும். வலப்பக்கத்தை ஒருவாறு சரிசெய்துவிட்டேன். இடப்பக்கத்துக்கு மூன்று நாள் வெயிலில் நின்று, வெளியே தெரிந்த திருகாணிகளையெல்லாம் இறுக்கி, பசை பூசி, அதற்குமேல் கறுப்பு டேப்பும் சுற்றினேன்.

“கராஜில காட்டுவமே?” என்றாள் மனைவி.

“கண்ணாடி பூட்டுறதுக்கும் கராஜோ?” என்று சிரித்தேன்.

ஒரு ஞாயிறு காலை, தெற்கே காலி நகருக்குப் புறப்பட்டோம். தெஹிவளை தாண்டவில்லை, பக்கத்தால் போன பஸ்ஸின் காற்றுக்கே கண்ணாடி மடங்கி வீதியைப் பார்த்தது. மனைவி யன்னலால் கையை நீட்டி அதை நிமிர்த்திப் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் மேல... இப்ப உம்மட முகந்தான் தெரியுது.”

“அதையாவது பாருங்கோ.”

நீட்டிய கையைப் பார்த்து நாங்கள் இடப்பக்கம் திரும்பப் போகிறோம் என்று நினைத்து, பின்னால் வந்த ஓட்டோக்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து ஹோன் அடித்தன.

கல்கிசையில் கை வலித்து அவள் ஒரு நிமிடம் விட்டாள். அந்த நேரம் பார்த்து நான் இடப்பக்கம் ஒதுக்கினேன். வானின் உடம்பில் ‘டப்’ என்று கையால் ஓர் அறை! நடைபாதைக்கும் எனக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள், மயிரிழையில் தப்பி நின்றது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். பின்னால் அவர் மனைவி கேக் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

அடி விழப்போகிறது என்று நினைத்து இறங்கி ஓடி, “சமாவென்ன, அய்யே” என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டேப்பைத் தடவிப் பார்த்து, இது யாருடைய வேலை என்று சிங்களத்தில் கேட்டார். கடையில்கூடச் சிங்களம் பேசக் கூச்சப்படும் என் மனைவி, ஒரு விநாடி தாமதிக்காமல் என்னைக் காட்டினாள்.

அவர் சிரித்துவிட்டார். வானின் இடப்பக்கக் கதவைத் திறந்து, உட்பக்கத்தில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். அங்கே மூன்று நட்டுகள்! கண்ணாடியைத் தாங்குவதே அவைதானாம். தன் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழிருந்து ஸ்பனர் எடுத்து ஐந்தே நிமிடத்தில் இறுக்கினார். பிறகு என்னைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, சற்றுமுன் தான் வந்த இடத்தில் போய் நின்று, “பேனவாத? தெரியுதா?” என்று சிங்களத்திலும் தமிழிலும் கேட்டார். அவரும் கேக் பெட்டியும் முழுதாகத் தெரியும்வரை விடவில்லை.

என்னைத் திட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதை விட்டுவிட்டு, இன்னொருவர் என் வானில் அடிபடக்கூடாதென்று அவர் ஸ்பனரை எடுத்ததை நினைத்தால், வீதியில் யார் என்னை உரசிக்கொண்டு போனாலும் இன்றுவரை எனக்குக் கோபமே முழுதாக வருவதில்லை.